நடுவில் விழுந்த குழி

தையல் மெஷினுக்கு நான் எண்ணெய் விட்டபோது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் பார்க்டேல் பகுதியில் அப்பா வேலை செய்த துப்பாக்கிக் கடையின் மணம் வந்தது. அங்கே இப்போது கோப்பி விற்கிறார்கள். லேத் இரைச்சலும் இரும்புத்தூளும் நிறைந்த அதன் நிலக்கீழ் பேஸ்மென்ரில், தோட்டாவின் அடி விளிம்பில் ஊசி குத்திச் சுடும் சின்ன ரைபிள் ஒன்றை, நடுவில் குத்திச் சுடுவதாக அவர் வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டிருந்தார். வேலை முடிந்த அன்று, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சுட்ட இரண்டு வெற்றுத் தோட்டாக் கோதுகளை, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்குக் கொண்டுவந்தார். ஒன்றின் ஓரத்தில் குழி, மற்றதன் நடுவில் குழி. ஏன் அப்படி என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா இரண்டையும் வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஊரிலை சண்டை நடந்த நேரம் எங்கட வளவுக்கை நான் கூட்டி அள்ளினதெல்லாம் உப்பிடி நடுவிலை குத்துப்பட்டதுதான்" என்றவர், ஓரத்தில் குழி விழுந்ததை மட்டும் என் கையில் திருப்பித் தந்தார்.