மோட்டார் அறையில் நான் வைத்த பேய்

என் நண்பன் மாரடைப்பில் இறந்தான். காமயகவுண்டன்பட்டியில், அவனுடைய திராட்சைத் தோட்டத்து மோட்டார் அறையில், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. மர்மமாக்கியவன் நான்.

மூன்று வருடம் கழித்துத் தேனியிலிருந்து நான்கு இளைஞர்கள் பேய்ப்படம் எடுக்க வந்தார்கள். பயமும் சிரிப்பும் கலந்த படம். ஒரு கேமரா, இரவல் வாங்கிய இரண்டு விளக்குகள். ஊர்க்கதை ஏதாவது வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் நன்றாகப் பேசுவார் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த கதைகளைச் சொன்னேன். இயக்குநர் பையன் செல்போனை நோண்ட ஆரம்பித்தான். ஒரு வகுப்பையே அசையாமல் உட்காரவைத்துப் பழகியவனுக்கு அது பொறுக்கவில்லை.

"இந்த ஊர்ல ஒரு மோட்டார் தன்னால ஓடுது, தம்பி. செத்தவன் வந்து போட்டுவிட்டுப் போறான்" என்றேன்.

செல்போன் சட்டைப்பைக்குள் போனது.

அந்த மோட்டார் தானாக ஓடியது உண்மைதான். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் அதை ஓட்டிவிடும். அந்த ஸ்டார்ட்டரை வாங்கப் போனபோது நண்பனோடு போனவனே நான்தான்.

நான் கேட்டதற்காக நண்பனின் மனைவி அறையைத் திறந்துவிட்டார். என்ன கதை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

படத்தில், மழைக்கு ஒதுங்கிய ஆறு பேர் ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வார்கள். சொன்னவன் சொன்னபடியே சாவான். பட்டப்பகலில் ஜன்னலில் தார்ப்பாய் கட்டி, சாம்பிராணிப் புகை போட்டு எடுத்தார்கள். ஆள் போதாமல் என்னையும் நடிக்க வைத்தார்கள். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஆட்டோ ஸ்டார்ட்டர்!" என்று கத்துவேன். உடனே மோட்டார் ஓடும். நான் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து சாவேன். படம் யூடியூபில் வந்தபோது அந்த இடத்தில் ஊரே சிரித்தது.

அடுத்த கவாத்துக்கு அந்தத் தோட்டத்துக்கு ஆள் வரவில்லை. கொடியை உரிய பருவத்தில் வெட்டிவிட்டால்தான் பூக்கும், காய்க்கும். அந்த ஒன்றரை ஏக்கரை விட்டால் நண்பனின் மனைவிக்கு வேறு பிழைப்பில்லை.

கவாத்துக்குப் போகும் பெண்கள் காலையில் வேன் ஏறும் இடத்துக்குப் போனேன்.

"அது நான் கட்டிவிட்ட கதை. கரண்ட் வந்தா ஆட்டோ ஸ்டார்ட்டர் ஓட்டுது. அம்புட்டுத்தான்."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏத்தா, படத்துல பேசுனதயே பேசுறாக!"

"வாத்தியாரய்யா, தொட்டிப் பக்கம் போயிராதீக!"

"நெசமாச் சொல்றேன்மா."

"அதையுந்தேன் படத்துல சொன்னீக."

வேன் வந்தது. அவர்களில் மூத்தவள் மட்டும் ஏறுமுன் என்னிடம் நின்றாள். "சிரிக்கிறாளுகளே ஒழிய ஒருத்தியும் அங்கன வரமாட்டாளுக. நீங்களே செத்த எடம்யா அது."

அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். நண்பனின் மனைவி தனியாக ஸ்டூல் மேல் நின்று கொடியை வெட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரி நிற்கவில்லை. ஒரு கொடி முழுக்க முடித்த பிறகே பேசினார்.

"அவுக சாகுறப்ப நாந்தேன் பக்கத்துல இருந்தேன். தண்ணி கேட்டாக. குடுக்குறதுக்குள்ள போயிட்டாக. இதச் சொல்லியிருக்கலாம்லண்ணே, அந்தப் பிள்ளைககிட்ட?"

"இன்னொரு கத்தரி இருந்தாக் குடும்மா, நானும் வெட்டுறேன்" என்றேன்.

"வேணாம்ணே. நீங்க இங்கன வந்து வெட்டுனா, பேய்க்குப் பரிகாரம் பண்றாகன்னு சொல்லுவாக. அப்புறம் தண்ணி பாய்ச்சக்கூட ஆள் வராது."

படத்தை எடுத்துவிடச் சொல்லி இயக்குநரிடம் கேட்டேன். ரெண்டாம் பாகத்தில் நான்தான் பேய் என்று உற்சாகமாகச் சொன்னான்.

ஒற்றை ஆளாக அவர் பத்து வரிசை முடிப்பதற்குள் பருவம் தவறிவிட்டது. மீதிப் பந்தல் இந்த வருடம் வெறும் இலையாக நிற்கிறது. டவுன் பஸ் அதைக் கடக்கும்போது ஆட்கள் ஜன்னல் வழியே செல்போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். கம்பத்துக்குப் போக எனக்கும் அந்த பஸ்தான்.