தீர்த்தகிரி வீட்டுத் தங்கப் பூனை

ராசிபுரத்தில் ஒரு நெசவாளி தங்கத்தில் பூனை செய்து வைத்திருக்கிறார் என்று சேலம் கடைவீதியில் பேச்சு. நூல் விற்கிற விலையில் வெள்ளியில் எலி செய்யக்கூட நெசவாளிகளில் ஒருவருக்கும் வக்கில்லை. சந்தேகப்பட்டுப் பஸ் ஏறினேன்.

தெருக்கோடி வீடு. தறிக்குழியிலிருந்து தீர்த்தகிரி நிமிர்ந்தார். "நீங்களும் தங்கம் பாக்க வந்தீங்களா சாமி? அதா படுத்திருக்குது, பாருங்க."

சாக்கின் மேல் ஒரு பூனை. சொறிக்கு உதிர்ந்தது போக மிச்சமிருந்த ரோமமெல்லாம் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள். நிறத்தைப் பொறுத்தவரை கடைவீதி பொய் சொல்லவில்லை.

பூனையைக் கொன்றால் பாவம். தங்கப் பூனை தானம் கொடுத்தால்தான் தீரும். இந்தத் தெரு ஒரு படி மேலே போய், தானாகச் செத்தாலும் பாவம் வீட்டுக்காரர் தலையில்தான் என்று முடிவு கட்டியிருந்தது. ஆகவே நோய்ப்பட்ட பூனையைக் கூடையில் வைத்து அடுத்த வீட்டு வாசலில் விட்டார்கள். அவர்கள் அதற்கடுத்த வீட்டில். பிள்ளையார் தேர்கூட அத்தனை ஒழுங்காக வீட்டுக்கு வீடு நின்றதில்லை.

"எனக்கு அடுத்தாப்புல கள்ளிக்காடுங்க," என்றார் தீர்த்தகிரி. "தங்கத்துக்கு எங்க போறது? அதான் சாகாமப் பாத்துக்கறேன். இது இருமுனா தறிய நிறுத்திட்டு ஓடறேன். நான் இருமுனா ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லீங்க."

அவருக்கு மனைவி இல்லை. தறியில் குனிந்து குனிந்து முதுகும் அநேகமாக இல்லை.

பூனை எழுந்து, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் பூசக் காய்ச்சிய கஞ்சியை நக்கியது. அதற்குள் முந்தின வீட்டுக் கமலவேணி வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, எங்க பூனை தேறிருச்சாட்ட இருக்குது? ஊட்டுல எலி பாவயே கடிக்குதுங்க. தூக்கிட்டுப் போறேன்."

"எப்பங்க உங்க பூனையாச்சு?"

"நாந்தானுங்களே கொண்டாந்து உட்டேன்!"

"சாகறதுக்குத்தானே உட்டீங்க."

கமலவேணி முந்தானையை இழுத்துச் செருகினார். "அப்ப உங்க பூனைதான்னு சொல்லுங்க. நான் பாவம் பாத்து ஊத்துன பாலு ரெண்டு ஆழாக்கு. அதத் திருப்பிக் குடுத்துருங்க."

தீர்த்தகிரிக்கு மாடு கிடையாது. பூனையைக் கொடுத்துவிட்டால் கடனும் இல்லை, இருமலுக்கு ஓடவும் வேண்டாம். அவர் பூனையைப் பார்த்தார். அது கஞ்சிச் சட்டியை விட்டுத் தலையெடுக்கவில்லை.

"குடுக்கறேனுங்க," என்றார்.

"எப்போ?"

"பாலு கெடைக்கறப்போ."

ஆடி கழிந்து நான் மறுபடி போனபோதும் கமலவேணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தறிக்குழிக்குள்ளிருந்து "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று பதில் வந்தது. ரெண்டு ஆழாக்குக் கடனும் அப்படியே நிற்கிறது.