வெள்ளரிக்காய்க் கத்தி

மூன்று வருஷத்துக்கு முன்னால், வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா சமயம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நானும், பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த என் மகளும் கூடலூரில் பஸ் ஏறினோம். அவளோடுதான் வீடு திரும்புவேனா என்று அன்றைக்குக் கொஞ்ச நேரம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் தையல்காரி. கூடலூர் கடைத்தெருவில் ஒற்றை ஷட்டர் கடை. வீட்டுக்காரர் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே பெண். சின்ன வயசில் வெண்டைக்காய் மாதிரி ஒல்லியாக இருப்பாள். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில்தான் போவாள், கோகோ விளையாட்டில் அவளை யாராலும் தொட முடியாது.

பன்னிரண்டு வயசில் பெரியவளானாள். எங்கள் பக்கம் வழக்கப்படி பதினாறு நாளும் நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய், கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. எல்லார் வீட்டிலும் பதினாறு நாளோடு நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தவில்லை. இடுப்பெலும்பு பலப்பட வேண்டும் என்று இரண்டு வருஷம் தினமும் காலையில் களி உருட்டிக் கொடுத்தேன். மேலே ஒரு கரண்டி எண்ணெய் வேறு.

பெரிய பிள்ளை ரோட்டில் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று சைக்கிளைப் பரணில் ஏற்றினோம். கோகோவும் நின்றது. காலையில் அப்பாவின் ஜீப், சாயங்காலம் என் ஸ்கூட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் என் கடையில் வந்து உட்கார்ந்து போனைப் பார்ப்பாள். "போரடிக்குதும்மா, வீட்டுக்குப் போவோம்" என்று நச்சரித்தால் பக்கத்து பேக்கரியில் ஒரு பப்ஸும் ஒரு கலர் பாட்டிலும் வாங்கிக் கொடுப்பேன். நான்கு ரவிக்கைக்குக் கொக்கி கட்டும் வரைக்கும் சத்தம் இருக்காது. சனிக்கிழமையானால் அவள் அப்பா குமுளியிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவும் கொண்டுவருவார். பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

உடம்பு ஏறியது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க எனக்கு ஒரு வசதி இருந்தது. வேறு அம்மாக்கள் யூனிஃபார்ம் பத்தாமல் போனால் புதுத்துணி எடுக்க வேண்டும். நான் தைக்கும்போதே உள்ளே இரண்டு இஞ்ச் விட்டுத் தைப்பேன். இறுக்கிப் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை தையலைப் பிரித்துவிடுவேன், திங்கட்கிழமை சட்டை சரியாக இருக்கும். ஒரே வருஷத்தில் நான்கு தடவை பிரித்துவிட்டேன். ஒரு தடவைகூட உட்கார்ந்து யோசிக்கவில்லை.

கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்தது. அழுக்கு என்று நினைத்து, கடலைமாவும் எலுமிச்சையும் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டேன். "பொம்பளப் புள்ள கழுத்தா இது? ஒழுங்கா தேச்சுக் குளிச்சா என்ன?" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பேன். எரிகிறது என்று அழுவாள்.

அந்த வருஷத் தை மாசம் கம்பம் ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் மதினி, "ஏத்தா, ஒங்கம்மா துணி வெட்டுனா முன்னெல்லாம் துண்டுத்துணி மிஞ்சும். இப்ப ஒனக்கு வெட்டுனா நூல்கூட மிஞ்சாது போலயே" என்றார். இலையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை எத்தனையோ நாள் நினைத்து அழுதிருக்கிறேன், சிரித்தபோது உறைக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் பேச்சுக் குறைந்தது. டிபன் டப்பா காலியாகத் திரும்பி வந்தது, நான் நிம்மதியாக இருந்தேன். யார் யாருக்கோ அதைக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்திருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரியும். கடையில் அகல எலாஸ்டிக் சுருள் சீக்கிரம் தீர்ந்தது. நான்தான் கணக்கில்லாமல் வெட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழாவுக்குப் பாவாடை தாவணி வேண்டும் என்று அவளே கேட்டாள். இடுப்பு தெரியாமல் ரவிக்கை நீளமாக இருக்கட்டும் என்றாள். டேப்பை இடுப்பில் சுற்றினேன். மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள். கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள், "மூச்ச விடுங்கக்கா, அப்புறம் துணி கிழிஞ்சா என்னையச் சொல்லாதீக" என்று கேலி செய்வேன். என் மகளிடம் அதைச் சொல்லவில்லை. டேப் குறைவாகக் காட்டியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த அளவையே எழுதி, அந்த அளவுக்கே தைத்தேன்.

திருவிழா அன்று காலையில் அவள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தினாள். வெளியே வந்தபோது பாவாடை கச்சிதமாக நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார மாட்டேன் என்றாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் என்றாள். சின்னமனூர் தாண்டும்போது அவள் முகம் வெளுத்து வேர்த்திருந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன்.

வீரபாண்டியில் இறங்கினால் கால் வைக்க இடமில்லை. தீச்சட்டி எடுத்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், கொட்டுச் சத்தம் காதை அடைத்தது. கோயிலுக்குப் பாதி தூரம் நடந்திருப்போம். "அம்மா, மூச்சு..." என்றாள். என் கையைப் பிடித்தாள். பிடித்த கை உதறியது, உடம்பு முழுக்க நடுங்கியது. கண் மேலே போய் அப்படியே சரிந்தாள்.

"ஆத்தா எறங்கிட்டாடி!" என்று யாரோ கத்தினார்கள். சுற்றிலும் குலவை கிளம்பியது. ஒருத்தர் திருநீறை அள்ளி அவள் நெற்றியில் பூசினார். வேப்பிலையை அவள் கையில் திணித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையெடுத்துக் கும்பிட்டேன். என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள், நான் அவள் எதிரில் கைகூப்பி நிற்கிறேன்.

அவள் உதடு நீலம் பாய்வதைப் பார்த்ததும்தான் கும்பிட்ட கையைப் பிரித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், குலவைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது ஓர் அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ரோட்டோரம் வெள்ளரிக்காய் விற்பவர். வந்த வேகத்தில் அவர் கூடை கவிழ்ந்து காயெல்லாம் உருண்டது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து மகளின் வயிற்றில் கை வைத்தார்.

"சாமியா? யாருடி சாமிங்கிறது? புள்ளைக்கு மூச்சு முட்டுது! தள்ளுங்க எல்லாரும். ஏத்தா, வயிறு பலகை மாதிரி இருக்கு, என்னத்தக் கட்டிவிட்டிருக்க?"

"நான் ஒண்ணும் கட்டலக்கா" என்று அலறினேன்.

"இங்கன வாங்க, நாலு பேரு முந்தானையப் பிடிங்க, மறைங்க!" என்று அதட்டினார். குலவை போட்ட பெண்களே சுற்றி நின்று மறைத்தார்கள். தாவணியை விலக்கி ரவிக்கைக் கொக்கிகளை அவிழ்த்தார். உள்ளே, மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பட்டை. பைக்குத் தைக்கிற கேன்வாஸ் துணியில் என் கடை எலாஸ்டிக்கை மூன்று வரிசை வைத்துத் தைத்தது. அதற்குக் கொக்கி இல்லை, நாடா இல்லை. காலையில் உடம்பில் சுற்றிக்கொண்டு, ஊசி நூலால் அப்படியே மூடித் தைத்திருக்கிறாள்.

அது பின்தையல், ஒவ்வொரு குத்துக்கும் ஊசி பின்னால் திரும்பி வந்து போடுகிற கெட்டித் தையல். எட்டு வயசில் நான் மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. ஒரு நூல் விலகாது, அவ்வளவு நேர்த்தி.

அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த வெள்ளரிக்காய்க் கத்தியை எடுத்தார். "நீ புடி, கை ஆடாமப் புடி" என்றார். தினமும் துணி வெட்டுகிற என் கையால் அந்தப் பட்டையின் ஓரத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அவரே தன் விரலைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து, விரல்மேல் கத்தியை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். அவர் விரலில் ரத்தம் வந்தது. கடைசி இழை விட்டதும் பட்டை இரண்டு பக்கமும் துள்ளி விழுந்தது.

மகள் மூச்சை இழுத்தாள். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்த ஆள் இழுப்பது போன்ற சத்தம். அவள் பிறந்தபோது அழுத சத்தத்துக்கு அப்புறம் நான் அப்படிக் காத்துக்கிடந்து கேட்ட சத்தம் அது ஒன்றுதான். வயிறெல்லாம் சிவந்த தடம், சில இடத்தில் புண். ஒரு நாளில் வந்த புண் இல்லை அது.

ஆம்புலன்ஸில் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பட்டினி, தண்ணீர் குடிக்காதது, வெயில், அதோடு இந்தப் பட்டை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. பிறகு அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா. சர்க்கரை வரப்போகுதுன்னு உடம்பு சொல்ற அடையாளம். தேய்ச்சா போகாது" என்றார். காலையிலிருந்து ராத்திரி வரை இவள் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு நடக்கிறாள் என்று என்னைக் கேட்டார். களியில் ஆரம்பித்து, ஜீப், ஸ்கூட்டி, பப்ஸ், கலர், சிப்ஸ் என்று நானே வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

டாக்டர் போனதும் மகளிடம், "ஏன்டி இப்பிடிச் செஞ்ச?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ எடுத்த அளவுக்கு நான் வந்துரணும்னு நெனச்சேம்மா. அளவு எழுதும்போது நீ அம்புட்டுச் சந்தோசமா இருந்த."

மறு வருஷத் திருவிழாவில் அந்த அம்மாவைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். கிடைக்கவில்லை. காயம்பட்ட அவர் விரலுக்கு ஒரு துணி சுற்றிவிடக்கூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லையே என்று இன்னமும் குறுகிப்போகிறேன்.

சைக்கிள் பரணிலிருந்து இறங்கிவிட்டது. களி எப்போதாவதுதான். சாயங்காலம் நானும் அவளோடு வாய்க்கால் கரையில் நடக்கிறேன், எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. அவள் உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது, நிறைய இல்லை. சர்க்கரைக்கு வருஷாவருஷம் பரிசோதனை உண்டு. அவள் கதவைச் சாத்தி உடை மாற்றும்போதெல்லாம் நான் வெளியில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன், இந்தப் பயம் என்னை விட்டுப் போகாது என்று நினைக்கிறேன்.

கடைக்கு அளவு கொடுக்க வருகிற சின்னப் பெண்கள் இப்போதும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். நான் கேலி செய்வதில்லை. டேப்பைத் தளர விட்டு, "மூச்ச விடுத்தா, நான் இருக்கேன், மெதுவா விடு" என்று சொல்லி, அந்த மூச்சு முழுசாக வெளியே வரும் வரைக்கும் பென்சிலைத் தொடாமல் காத்திருக்கிறேன்.