மல்லாட்டைக்கு நின்ற பிரசார வேன்

இன்று காலை திண்டிவனம் வரும் வழியில் எங்கள் டவுன் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு வேட்பாளரின் பிரசார வேன். அதற்கும் முன்னால், முக்கால்வாசி ரோட்டை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது மல்லாட்டை, எங்கள் பக்கத்து நிலக்கடலை.

வேட்பாளர் மைக்கில் சொன்னார்: “நான் ஜெயிச்சா மொதல் வேலை, இந்த ரோட்டை ரெண்டு மடங்கு அகலமாக்குறதுதாங்க.”

காலால் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். “நல்லா அகலமா போடுங்கண்ணா. எங்க ஒரு வூட்டுது காயவைக்கவே எடம் பத்தல.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. வேட்பாளரும் சிரித்துவிட்டார்.

“ஏம்மா, ஊர்ல இதுக்குன்னு களம் இல்லியா?”

“இருக்குதுங்க. சிமெண்ட் களம். காலைலேர்ந்து உங்க ஆளுங்கதான் அதுல காரை நிறுத்திக்கினு இருக்காங்க.”

மைக்கை அணைக்க மறந்து அவர் தன் ஆட்களிடம் சொன்னது ஊருக்கே கேட்டது: “ஜல்தியா வண்டிய எடுங்கப்பா, மானம் போவுது.”

களம் காலியானது. நாங்கள் நாலு பேர் இறங்கி மல்லாட்டையை அள்ளிக் கொடுத்தோம். பஸ் கிளம்பியது.

தேர்தலுக்கு முன்பே வேலையை முடித்துக் கொடுத்த வேட்பாளரை இன்றுதான் பார்க்கிறேன். உங்கள் ஊருக்கு ஏதாவது ஆக வேண்டுமா? நீங்களும் எதையாவது ரோட்டில் காயவைத்துப் பாருங்கள்.