எங்களுக்காக ஒதுக்கிய பண்டல்கள்

கோவில்பட்டியின் கடைசி வீடுகளைத் தாண்டி, பசுவந்தனைச் சாலையில் நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன். புகை எதுவும் எழவில்லை. இருந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை.

நான் விட்டு வந்தது ஒரு சின்னத் தீப்பெட்டிப் பட்டறை. முந்தின வாரம், தீக்குச்சிகளை அடுக்கி மருந்தில் முக்கியெடுத்த சட்டம் ஒன்று என் கையிலேயே பற்றிக்கொண்டது. முழங்கை வரை வெந்தது. ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். உடம்புக்கு முடியாமல் போனால் உதவும் என்று சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் பணம் வைத்திருப்பேன். அன்று சட்டையோடு அதுவும் கருகிப்போனது.

முதலாளி மோசமானவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவை அவரே கொடுத்தார். கட்டோடு திரும்பியவனைக் குடோனுக்குக் கூட்டிப்போய், சுவரோரம் கூரை வரை அடுக்கியிருந்த தீப்பெட்டிப் பண்டல்களைக் காட்டினார்.

“இன்சூரன்சுக்காரனுக்கு வருஷா வருஷம் கட்டாம, அந்தப் பணத்தை நானே சரக்கா ஒதுக்கி வைக்கேன். ஒங்கள்ல யாருக்கு என்ன ஆனாலும் இதை வித்துப் பாத்துக்கிடலாம். ஒனக்கும் இதுல இருந்துதான் செஞ்சேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம்தான் மருந்து கலக்கும் அறை.

“தீப் பிடிச்சா இதுவும்லா எரியும் அண்ணாச்சி?” என்றேன்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு பேசுதே? போய் வேலையைப் பாருலே.”

அங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒரு அக்கா தலை நிமிராமல், “எரிஞ்சா கேக்க நாம யாரும் இருக்க மாட்டோம்லா, அதான் அண்ணாச்சி தைரியமா இருக்காவ” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு சட்டத்தைத் தொட்டாலே கை நடுங்கியது. நடுங்கும் கையோடு மருந்துப் பக்கம் நிற்பது எல்லோருக்கும் ஆபத்து. கூலி வாங்கியதும் கிளம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி ஒரு பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். காலையில், பக்கத்துக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர் மேய்க்க ஆள் வேண்டும் என்றார். கரிசல் நெடுகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் என்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

“பாம்பு கடிச்சிட்டா?”

“ரெண்டு கிடாயை வித்து வைத்தியம் பாப்பேன் தம்பி. வேற என்ன, பாம்புகிட்டயா எழுதி வாங்க முடியும்?”

ஆடுகளைப் பார்த்தேன். என்னைப் பாம்பு கடித்தாலும், அந்தப் பண்டல்களைப் போல என்னோடு சேர்ந்து போகாமல், அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். பயம் போகவில்லை. அவரிடம் கம்பை வாங்கிக்கொண்டு, கால் வைக்கும் இடத்தையெல்லாம் தட்டியபடி ஆடுகளுக்குப் பின்னால் போனேன்.