ஏற்றத்தில் இறங்கச் சொன்னவர்

தெருவில் அவருக்குப் பெயர் 'பிக்கப்'. வேலை மின்விசிறிக் கடையில் விற்பனை, பேச்செல்லாம் கார். அதுவும் என்ன கார்? நாலு பேர் உட்கார்ந்தால் காற்றுக்குக்கூட இடமில்லாத சின்னக் கார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் விமானமெல்லாம் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

"இன்ஜின் கொடுக்கிற பவர் அப்படியே சக்கரத்துக்குப் போகுதுன்னு நினைக்கிறீங்களா? கிளட்ச் கொஞ்சம் தின்னும், கியர்பாக்ஸ் கொஞ்சம் தின்னும், ஆக்ஸில் கொஞ்சம் தின்னும். மிச்சம்தான் நமக்கு" என்பார். ஃபேன் வாங்க வந்தவர் ஃபேனை மறந்து ஓட்டம் பிடிப்பார். சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தின்கிறவர்களின் வரிசையில் மாமியாரையும் சேர்த்ததுதான் வினை.

"அத்தை ஏறினா மைலேஜ் விழுது" என்று ஒரு நாள் அந்த அம்மாள் காதுபடவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாள் பஸ்ஸில்தான் வருகிறார். "மாப்பிள்ளை, உங்க வண்டி நல்லா இருக்கட்டும்" என்று வாசலிலேயே வாழ்த்திவிட்டு உள்ளே போவார்.

எடை குறைந்தால் இழுவை கூடும், அதாவது பிக்கப்; மைலேஜும் தங்கும். இதுதான் அவர் கொள்கை. ஸ்டெப்னி டயர் பரணுக்குப் போனது. பின் சீட்டைக் கழற்றி முன்னறையில் போட்டார். விருந்தாளிகள் அதில்தான் உட்கார வேண்டும். ஏசி போட்டால் இன்ஜினுக்கு மூச்சு வாங்குமாம். மனைவிக்கு மூச்சு வாங்கினால் பரவாயில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, பார்க்க அழகாக இருக்குமென்று குண்டு டயர் நான்கு மாட்டினார் பாருங்கள்! அதற்கெல்லாம் எடை கிடையாது போலிருக்கிறது.

மனைவி பள்ளி ஆசிரியை. முறையாக ஓட்டக் கற்றவள். "ஏங்க, உங்க இடது கால் எப்பவும் கிளட்ச் மேலேயே இருக்கே. அதனாலதான் வண்டி இழுக்கல" என்று சொல்லிப் பார்த்தாள்.

"கால் சும்மா ரெஸ்ட் எடுக்குது. உனக்கு இதெல்லாம் புரியாது."

அதோடு பேச்சு முடிந்தது. சாவியை அவள் கையில் கொடுத்ததே இல்லை.

இப்படி இருக்கையில் அவளுக்குத் தலைமை ஆசிரியை பதவி கிடைத்தது. புதுப் பள்ளி மேட்டின் உச்சியில். முதல் நாள் மணி அடிக்கும்போது பிள்ளைகள் முன்னால் அவள் நின்றாக வேண்டும். எத்தனை வருடம் காத்திருந்து வந்த பதவி! பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றவளை, "என் பொண்டாட்டி பஸ்ல போய் இறங்கறதா?" என்று மார்தட்டிக் காரில் ஏற்றினார்.

பாதி மேட்டில் வண்டி உறுமியது, நகரவில்லை. ரெஸ்ட் எடுத்த காலின் புண்ணியத்தில் கிளட்ச் கருகும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டது.

"கொஞ்சம் இறங்கி நடக்கறியா? எடை குறைஞ்சா ஏறிடும்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. முதல் நாள், புதுச் செருப்பு, இறங்கி நடக்க வேண்டுமாம்! ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எடைதானே பிரச்சனை? நம்ம ரெண்டு பேர்ல கனமான ஆள் யாரு?"

"அதுக்கு?"

"நீங்க இறங்குங்க."

லாரிக்காரர் தலையை நீட்டி, "இறங்குங்க சார், அந்தம்மா சரியாத்தானே சொல்றாங்க!" என்றார். தன் கொள்கையே தன் கழுத்தைப் பிடித்தால் மனுஷன் என்ன செய்வார்? இறங்கினார்.

சூடு ஆறட்டும் என்று அவள் கொஞ்சம் பொறுத்தாள். லாரிக்காரரும் பொறுத்தார், வேடிக்கை அப்படி. பிறகு முதல் கியர் போட்டாள், கிளட்சை நிதானமாக விட்டாள், காலை முழுசாக எடுத்தாள். வண்டி நகர்ந்தது. கண்ணாடிகள் மேலேறி மூடிக்கொண்டன. அடிப்பாவி, ஏசி போட்டுவிட்டாள்! மேட்டில்!

"ஏசியை ஆஃப் பண்ணு!" என்று கத்தினார். கேட்டால்தானே.

வாங்கிய நாளிலிருந்து தன் வண்டி ஏற்றம் ஏறுவதை அவர் வெளியே நின்று பார்த்ததில்லை. திணறாமல், இருமாமல் ஏறி, வளைவில் திரும்பி மறைந்தது. அவர் வேர்க்க விறுவிறுக்க நடந்தார். கொஞ்ச நேரத்தில் மேலே பள்ளி மணி அடித்தது. நேரத்துக்குப் போய்விட்டாள் என்று நிம்மதியாக இருந்தது. இத்தனை வருடமும் வண்டியை ஏறவிடாமல் பிடித்துவைத்தது தன் கால்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியை மட்டும்தானா என்று அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.