உப்புக் காற்றுக்கு ஒரு கீபோட்

மீன் வாங்க வருகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், தேங்காய் வாங்க வருகிறவர் காதருகில் ஆட்டிப் பார்ப்பார். கீபோட் வாங்க வருகிறவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தூக்கியும் ஆட்டியும் பார்த்துவிட்டுக் கடைசியில் எங்கள் முகத்தைப் பார்ப்பார். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, அந்தப் பார்வை உங்களுக்குத் தெரியும். பொருள் நல்லதா என்று கேட்கிற பார்வை இல்லை அது. நீ நல்லவளா என்று கேட்கிற பார்வை.

நான் நிற்பது திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வழியிலுள்ள ஒரு கொம்பியூட்டர் கடையில். பல வருடங்களாகப் போன் கவர் விற்றேன். போன் கவர் விற்பது வேலையே இல்லை. கொக்கியில் மாட்டுவதும் கொக்கியில் இருந்து எடுப்பதும்தான். பிறகு சின்ன மெக்கானிக்கல் கீபோட்டுகள் வந்தன. ஓரத்து இலக்கங்கள் இல்லாமல், சிலவற்றில் அம்புக்குறிகூட இல்லாமல், கைப்பையில் அடங்குகிற அளவு. ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனிச் சுவிச். விலை கொஞ்சநஞ்சமில்லை. அவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவார்? ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலோரப் பலகையில் வைப்போம் என்று முதலாளியிடம் கேட்டேன். பெட்டி பிரிப்பது அவருக்குத் தோலை உரிப்பது மாதிரி. ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சம்மதித்தார். அந்தக் கடையில் என் யோசனையில் வந்த ஒரே பொருள் அந்தப் பலகைதான். அதனால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முதலாளிக்கும் அது தெரிந்திருந்தது.

“நல்லா வையுங்கோ பிள்ளை. ஆனா வித்த சாமான் பழுதாகித் திரும்பி வரத் தொடங்கினா, அந்த இடத்தில நான் போன் கவர்தான் தூக்குவன்.”

பாரம்

முதலில் வந்தவர் சிவபாதம் அண்ணை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், வீடு கடற்கரையோரம். கோயில் பரிபாலன சபைக்குச் செயலாளராகிவிட்டார், அறிக்கை அடிக்க வேண்டும். பலகையில் இருந்தவற்றில் இரண்டை எடுத்து இரண்டு கையிலும் ஏந்தினார். கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். கடைசியில் எல்லாவற்றிலும் பாரமானது அவர் கையில் மிஞ்சியது.

பாரமானது உறுதியானது என்று நானும் நம்பியிருந்தேன். இணையத்தில் பேசுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பலகையில் இருந்த இலேசான ஒன்றைக் காட்டி, இதுவும் பரவாயில்லை, பாதி விலை என்றேன். அதை அவர் தொடக்கூட இல்லை.

“தங்கச்சி, பாரமில்லாத சாமான் காத்துக்கே நிக்காது. எனக்கு இதைக் கட்டுங்கோ.”

முறுக்கு

அடுத்த வகையினர் முறுக்கிப் பார்ப்பவர்கள். நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார், காதில் கம்பியில்லாத இயர்போன், தோளில் பை. கீபோட்டை இரண்டு முனையிலும் பிடித்து ஈரச் சீலை பிழிவதுபோல் முறுக்கினார். பிறகு காதில் வைத்துக் கேட்டார். நடுவில் பெருவிரலால் அமத்தினார். அடிப்பக்கத்து ரப்பர் கால்களை நகத்தால் சுரண்டினார். விசைகளின் மேல்தொப்பிகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து அச்சடித்ததா வார்த்ததா என்று பார்த்தார். அச்சடித்த எழுத்து ஆறு மாதத்தில் அழியும் என்று எனக்கே பாடம் எடுத்தார். அந்த இலேசான கீபோட்டை முறுக்கியபோது அது அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் போட்டது. “சீ” என்று வைத்துவிட்டார்.

காலையில் வந்தவர் மத்தியானம் வரை நின்றார். பால் சேர்க்காத பிளேன்ரீ கொடுத்தேன், குடித்தார். எனக்குச் சந்தோசமாகவே இருந்தது; இப்படி ஒருவர் வந்து பார்ப்பதற்குத்தானே பலகை? எதைக் கட்டட்டும் என்று கேட்டபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. உண்மையைச் சொல்லுகிற பிள்ளை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

“அக்கா, கோவிக்காதேங்கோ, நான் ஒன்லைன்ல வாங்கத்தான் இஞ்ச வந்து பாக்கிறனான்.”

சத்தம்

ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். கணவன் வீட்டிலிருந்தே ஏதோ வெளிநாட்டுக் கம்பனிக்குக் கணக்கு வேலை செய்கிறவர். ஒரே அறை, ஒரே மேசை, பக்கத்தில் தொட்டில். சத்தமில்லாத கீபோட் வேண்டும் என்றார் மனைவி. எங்கள் வார்த்தையை அவர் நம்பத் தயாரில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அப்படியே கவுன்டரில் கிடத்தினார். “ஒவ்வொண்டா அடியுங்கோ” என்று கணவனுக்கு உத்தரவு போட்டார்.

கணவன் சத்தமில்லாததை அடித்தார். பிள்ளை தூங்கியது. நடுத்தரத்தை அடித்தார். தூங்கியது. டக்டக் என்று தெருவுக்கே கேட்கிற நீலச் சுவிச்சை அடித்தார். பிள்ளை இன்னும் வடிவாய் வாயைத் திறந்து தூங்கியது. திருப்தியாகி அவர் கையை எடுத்ததும் வீறிட்டு எழும்பியது பாருங்கள், பக்கத்து மருந்துக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். திரும்ப அடித்தார், அடங்கியது. நிறுத்தினார், அழுதது. மனைவி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார்.

“அந்தச் சத்தமானதையே கட்டுங்கோ மிஸ். நிப்பாட்டினாத்தான் இவன் முழிக்கிறான்.”

பாதி

கந்தளாயிலிருந்து ஒரு அலுவலக உத்தியோகத்தர் வந்தார். அவருடைய மேசையில் கோப்பு அடுக்கியது போக மிச்சமாகிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு என்றார். சரியான ஆள் என்று சின்னவற்றை ஆசையாகக் காட்டினேன். அலுமினியச் சட்டம், ஆட்டமில்லாத விசைகள், பின்னலிட்ட வயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கீபோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குள்ளும் கையை விட்டுத் துழாவினார். இலக்கம் எங்கே என்றார். மேல் வரிசையில் என்றேன். அம்புக்குறி எங்கே என்றார். இந்த விசையோடு சேர்த்து அதை அமத்த வேண்டும் என்றேன். விலையைக் கேட்டார், சொன்னேன்.

“ஓம், விளங்குது. மிச்சப் பாதியை எப்ப தருவீங்கள்?”

நங்கூரம்

வாடைக்காற்று தொடங்கி ஓய்வதற்குள் சிவபாதம் அண்ணை திரும்பி வந்தார். கையில் பை, பைக்குள் அந்தப் பாரமான கீபோட். விசைகள் அமத்தினால் எழும்பவில்லை. முதலாளி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஸ்க்ரூக்களைக் கழற்றப் போனால் இரண்டு ஸ்க்ரூவின் தலையே உதிர்ந்தது. எப்படியோ திறந்தோம். சுவிச்சுகளைத் தாங்கும் தகடு முழுக்கத் துரு. அதற்குக் கீழே, அடிப்பலகையில் பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. அதற்கு வேறு எந்த வேலையும் இல்லை. தூக்கிப் பார்க்கிறவரை ஏமாற்றவே வைத்தது. அது கரைந்து செம்மண் நிறத்தில் தூளாகக் கொட்டியது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என்னையும்தானே ஏமாற்றியிருக்கிறார்கள். இதே வகையில் அதற்கு முதல் கிழமைதான் இன்னொன்று திரும்பி வந்திருந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. மேல்மாடிக்குப் போய்ப் போன் கவர் மாட்டுகிற பழைய கொக்கிச் சட்டத்தை எடுத்து வந்து, பலகைக்கு மேலே சுவரில் வைத்து அளந்தார். இன்னும் ஒன்று வந்தால் ஆணி அடிப்பேன் என்றார். அண்ணை கவுன்டரில் கொட்டிய தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“தங்கச்சி, நான் கேட்டது கீபோட். நீங்கள் தந்தது நங்கூரம்.”

காந்தம்

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பழுதான ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து அதன் காந்தத்தை எடுத்தேன். பலகையில் இருந்த ஒவ்வொரு கீபோட்டிலும் நாலைந்து தொப்பியைக் கழற்றி, கீழே தெரிகிற தகட்டில் காந்தத்தை வைத்தேன். ஒட்டினால் இரும்பு. ஸ்க்ரூவிலும் வைத்தேன், அடிப்பக்கத்திலும் வைத்தேன். நான் தலையில் வைத்துக் கொண்டாடியவற்றில் பாதி, காந்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. எல்லோரும் ஒதுக்கிய அந்த இலேசான அப்பளக் கீபோட்டிலோ காந்தம் எங்கேயும் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. தகடு பிளாஸ்டிக், ஸ்க்ரூ பித்தளை. முறுக்கினால் முனகும், அவ்வளவுதான்.

அதன்பிறகு பலகையை இரண்டாகப் பிரித்தேன். வருகிறவரிடம் விலையெல்லையைக் கேட்பதில்லை, சுவிச்சின் நிறத்தைக் கேட்பதில்லை. வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பேன். காந்தம் ஒட்டாதவை இடப்பக்கம், கடலோர ஆட்களுக்கு; ஒட்டியவை வலப்பக்கம், கடலுக்குத் தூரத்து ஆட்களுக்கு. மிச்சப் பாதியைக் கேட்ட அதே கந்தளாய் உத்தியோகத்தர் இன்னொரு நாள் வந்தபோது, கந்தளாய் கடலிலிருந்து வெகுதூரம் என்று வலப்பக்கத்தைக் காட்டினேன். இடப்பக்கத்துக்கும் எங்களுக்கும் என்ன பகை என்றார். காந்தத்தை வைத்து விளக்கினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“என்ன மிஸ், துருப்பிடிக்கிற சாமானெல்லாம் கந்தளாய்க்கோ?”

உலர்ந்த இடம்

வதனி இறக்கக்கண்டிப் பிள்ளை. வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் நாலு வள்ளம்தான். காணொளிகளுக்குத் தமிழில் வசனம் அடிக்கிற வேலை, வீட்டிலிருந்தே. அதற்கு முன் வாங்கிய இரண்டு கீபோட்டும் உப்பில் போய்விட்டன. இன்னொரு தடவை வேலை பிந்தினால் வேறு ஆளைப் பிடிப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் தூக்கவில்லை, முறுக்கவில்லை. நகரத்துக்கு வருகிற போதெல்லாம் வந்து நின்று, ஒரே வசனத்தை ஒவ்வொரு கீபோட்டிலும் அடித்துப் பார்த்துவிட்டுப் போவாள். கடைசியில் காந்தத்தைப் பார்த்தாள், அப்பளத்தை வாங்கினாள். பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை வாசித்துக் காட்டினேன்: உலர்ந்த இடத்தில் வைக்கவும். கட்டாயம் அக்கா என்றாள்.

சில மாதம் கழிந்து, அதே பெட்டியோடு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஸ்பேஸ் பார் வேலை செய்யவில்லை. இரண்டு நாளாக ஒரு இடைவெளியைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒட்டி ஒட்டி வேலையை அனுப்பியிருக்கிறாள். இன்று மாலை இன்னொன்று அனுப்ப வேண்டும். முதலாளி கொக்கிச் சட்டத்தையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

ஸ்பேஸ் பாரைக் கழற்றினேன். துரு ஒரு பொட்டும் இல்லை. ஸ்க்ரூ வாங்கிய நாளில் மின்னியது போலவே மின்னியது. ஸ்பேஸ் பாரின் கம்பிக்கு அடியில் இறுகிப்போய் ஒரு அரிசி. இன்னும் நாலு தொப்பியைக் கழற்றினால் இன்னும் அரிசி. ஒரு வண்டும் வெளியே வந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. மூன்று பேரும் அந்த வண்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வதனிதான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. “நீங்கள்தானே அக்கா உலர்ந்த இடத்தில வைக்கச் சொன்னீங்கள். எங்கட வீட்டில அரிசி வாளி மட்டும்தான் உலர்ந்த இடம். வேலை முடிய அரிசிக்குள்ள தாட்டுப் புதைச்சு மூடிப்போட்டுத்தான் படுக்கிறனான். அம்மா கீபோட்டை எடுத்து வச்சிட்டுத்தான் சோத்துக்கு அரிசி அள்ளுவா.”

ஊதித் துடைத்துப் பூட்டிக் கொடுத்தேன். ஸ்பேஸ் பாரை அமத்தினாள், திரையில் இடைவெளி ஓடியது. அவள் கண் கலங்கியது, எனக்கும்தான். இனி ஒரு சீலையில் சுற்றி வாளிக்குள் வைக்கச் சொன்னேன்; வேறு என்ன சொல்ல? அவள் வேலையை அனுப்ப பஸ்சுக்கு ஓடிவிட்டாள். நான் திரும்பி முதலாளியின் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தேன். அவர் கவுன்டரில் கிடந்த அரிசியைப் பொறுக்கி வெளியே எறிந்தார். கொக்கிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிப் படியில் கால் வைத்தார்.

“துரு எண்டாத்தான் பழுது, பிள்ளை. அரிசியைக் கணக்கில சேர்க்கேலாது.”

பலகை இன்றும் வாசலோரம் இருக்கிறது, காந்தமும் இருக்கிறது. இனிப் பெட்டியில் ‘உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று அச்சடிக்கிற மகராசன் மட்டும் வாடைக்காற்று அடிக்கிற காலத்தில் ஒருமுறை இங்கே வந்து, அரிசி வாளியைத் தவிர அப்படியொரு இடத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும்.